6 மாதங்களுக்காகக் கட்டிய மாளிகை... 130 ஆண்டுகளைத் தாண்டி நிற்கும் கதை!

1893, சிகாகோ என்றதும் நமக்குச் சட்டென நினைவுக்கு வருவது விவேகானந்தரின் உரைதான். அவர் பேசிய சர்வசமயப் பேரவை, அந்த ஆண்டு அங்கே நடந்த உலகக் கண்காட்சியையொட்டிக் கூட்டப்பட்டது. ஏரிக்கரையில் எழுந்த கண்காட்சி மாளிகைகளை ‘வெள்ளை நகரம்’ என்றே அழைத்தார்கள். ஆறே மாதங்கள்தான் ஆயுள் என்று தெரிந்தே கட்டப்பட்டவை அவை. தூரத்திலிருந்து பார்த்தால் பளிங்கு. தட்டிப் பார்த்தால் நாரும் பிளாஸ்டரும் கலந்த பூச்சு!

ஆனால், நுண்கலை மாளிகை விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம். பல நாடுகளிலிருந்து விலைமதிப்பற்ற ஓவியங்கள் வரவேண்டும். தீப்பிடித்தால் என்னாவது? அதனால் உள்ளே செங்கல் சுவர் எழுப்பி, வெளியே மட்டும் பிளாஸ்டர் பூசினார்கள். வடிவமைத்தவர் சார்லஸ் ஆட்வுட். கண்காட்சி முடிந்த மறு ஆண்டு, பெரிய மாளிகைகள் பலவும் தீயில் சாம்பலாயின. நுண்கலை மாளிகை நின்றது.

உதிர்ந்த பூச்சு

1894 முதல் 1920 வரை அங்கே ஃபீல்ட் அருங்காட்சியகம் இயங்கியது. அது வேறு இடத்துக்கு மாறியதும், கட்டடம் கேட்பாரற்றுப் போனது. பூச்சு உதிர்ந்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. சிற்பி லொராடோ டாஃப்ட், கட்டடக் கலைஞர்கள், பெண்கள் அமைப்புகள் எல்லாம் ‘காப்பாற்றியே ஆகவேண்டும்’ என்று குரல் கொடுத்தனர். சீரமைப்புக்காக 50 லட்சம் டாலர் கடன் திரட்ட மக்களும் வாக்களித்தார்கள். சரி, உள்ளே எதை வைப்பது?

மகன் காட்டிய வழி

பதில், ஒரு குடும்பச் சுற்றுலாவில் கிடைத்திருந்தது. சியர்ஸ் நிறுவனத் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட் 1911-ல் குடும்பத்தோடு ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போயிருந்தார். அங்கிருந்த அறிவியல் அருங்காட்சியகத்தில் பட்டனை அழுத்தலாம், இயந்திரத்தை இயக்கலாம். 8 வயது மகன் வில்லியம் அதில் மயங்கிப்போனான். மகனின் உற்சாகம் அப்பாவின் மனதில் தங்கிவிட்டது. 1926-ல் 30 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார்.

பிளாஸ்டருக்குப் பதில் சுண்ணாம்புக்கல். தோற்றம் மட்டும் அதே 1893. அருங்காட்சியகத்துக்கு ரோசன்வால்ட் பெயரைச் சூட்டினார்கள். ‘இது மக்களுடையது, என் பெயர் வேண்டாம்’ என்பது அவர் நிலைப்பாடு. அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காகச் சுமார் 5,000 பள்ளிகள் எழ உதவியவரும் இவர்தான். 1932-ல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம், ‘அறிவியல் மற்றும் தொழில் அருங்காட்சியகம்’ திறக்கப்பட்டது.

உள்ளே சுரங்கத்தில் இறங்குவதுபோல அழைத்துச் செல்லும் நிலக்கரிச் சுரங்கம், இரண்டாம் உலகப்போரில் பிடிபட்ட யு-505 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்... குழந்தைகள் அவ்வளவு எளிதில் வெளியே வரமாட்டார்கள். 12.5 கோடி டாலர் நன்கொடை தந்த கென்னத் கிரிஃபினின் பெயர் 2024-ல் அருங்காட்சியகத்தின் பெயரோடு சேர்ந்தது.

‘தொடாதீர்கள்’ என்ற பலகையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ‘தொட்டுப் பார்’ என்று சொன்ன ஓர் இடத்தில் ஒரு சிறுவன் மகிழ்ந்ததை அவன் அப்பா கவனித்தார். இடிக்கப்படவிருந்த ஒரு மாளிகைக்கு அதனால் மறுபிறவி கிடைத்தது!