உஷார்! முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கப் போகிறீர்களா?

கேமரா கடைக்குக் கிளம்பும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2020-ல் கேனான் 850டி வந்தது, நிக்கான் டி6 வந்தது. அதன்பின் இரு நிறுவனங்களும் புதிதாக ஒரு டிஎஸ்எல்ஆரைக்கூட வெளியிடவில்லை. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் மொத்தமாகப் போய்விட்டன. ஆக, இன்று 'புதுசு' என்று உங்கள் முன் வைப்பது பழைய மாடல். மலிவாகக் கிடைப்பதோ யாரோ பயன்படுத்தியது. டிஎஸ்எல்ஆர் வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். படம் எடுக்கக் கற்றுக்கொள்ள இது இன்றும் அருமையான கருவி. ஆனால் விவரம் தெரியாதவர் தலையில் எதையாவது கட்டிவிடும் வியாபாரமும் இதே சந்தையில்தான் நடக்கிறது.

முதலில் ஆன்லைன் பொறி. '48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு ஜூம்' என்று சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கறுப்புக் கேமரா வரும். பார்க்க அச்சு அசல் டிஎஸ்எல்ஆர். அந்த லென்ஸைக் கழற்ற முடியாது, சென்சார் நகத்தளவுகூட இருக்காது, ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். உண்மையான தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரின் சென்சார் ஏறக்குறைய 22-க்கு 15 மில்லிமீட்டர் இருக்கும். லென்ஸைக் கழற்றி மாட்ட முடியாவிட்டால் அது டிஎஸ்எல்ஆரே அல்ல. தொடாதீர்கள்.

அதைவிட அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் லென்ஸ். நிக்கான் டி3500, டி5600 போன்றவற்றின் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 'சல்லிசாகக் கிடைக்கிறது, போர்ட்ரெய்ட்டுக்குப் பிரமாதம்' என்று 50 எம்எம் எஃப் 1.8டி லென்ஸைக் கையில் கொடுப்பார்கள். லென்ஸ் நல்லதுதான், பாடியில் பொருந்தவும் செய்யும். ஆனால் இந்தப் பாடிகளில் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது. கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடும் குழந்தையை எடுக்கப் போனால் ஒரு படமும் தேறாது. அதே 50 எம்எம்மில் ஏஎஃப்-எஸ் 1.8ஜி கேட்டு வாங்குங்கள். தலைகீழ் ஆபத்தும் உண்டு: புதிய ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி90, டி3100, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது. ஒருவரிடம் பாடியும் இன்னொருவரிடம் லென்ஸும் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கேனானில் இந்தத் தலைவலி இல்லை, எல்லா இஎஃப் லென்ஸிலும் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. அங்கே பயப்பட வேண்டியது இரட்டை லென்ஸ் ஆஃபரில் சேர்த்துத் தரப்படும் 75-300 எம்எம் லென்ஸ். இதில் நடுக்கத்தைச் சமாளிக்கும் ஐஎஸ் வசதி கிடையாது. சாயங்கால வெளிச்சத்தில் வேடந்தாங்கலில் நின்று 300-ல் எடுத்துப் பாருங்கள், கொக்கு நாரை எல்லாம் கலங்கித்தான் வரும். '300' என்ற எண்ணைக் கண்டு மயங்காமல் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் தேடுங்கள். யூடியூப் எண்ணம் இருக்கிறதா? கேனான் 1500டி, 3000டி, நிக்கான் டி3500 மூன்றிலும் வெளி மைக் செருக இடமே இல்லை.

செகண்ட் ஹேண்ட் என்றால் பகலில் போங்கள், அவசரப்படுத்தினால் திரும்பி வந்துவிடுங்கள். லென்ஸின் ஒரு பக்கம் செல்போன் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் ஃபங்கஸ். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊர்களில் அலமாரியில் பூட்டிக் கிடந்த லென்ஸுக்கு இது சகஜம். 'துடைத்தால் போய்விடும்' என்பார்கள், நம்பாதீர்கள். உள் கண்ணாடியின் பூச்சையே அது அரித்திருக்கலாம். அடுத்து, எஃப் 22 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. அதைச் சுத்தம் செய்துவிடலாம், கீறல் என்றால் வேண்டவே வேண்டாம்.

பிறகு ஷட்டர் கவுண்ட், அதாவது கேமரா இதுவரை எத்தனை கிளிக் செய்திருக்கிறது என்ற எண்ணிக்கை. டி3500, டி5600 ஷட்டர்கள் 1 லட்சம் கிளிக்குகளுக்குச் சோதிக்கப்பட்டவை. கல்யாண வேலைக்கு ஓடிய பாடி அந்த எண்ணிக்கையைச் சீக்கிரமே நெருங்கிவிடும், வெளியே பளபளப்பாகவே இருக்கும். நிக்கானில் அங்கேயே ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பின் விவரங்களில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். கேனானின் பெரும்பாலான மாடல்களில் அது படத்தில் பதிவாவதில்லை. சர்வீஸ் சென்டரில் காட்டிக் கேட்க வேண்டியிருக்கும். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்கினாலும் 'கடை வாரண்டி' என்ற சொல் காதில் விழுந்தால் உஷாராகுங்கள். கம்பெனியின் இந்திய வாரண்டி அட்டை, ஜிஎஸ்டி பில், பெட்டியிலும் பாடியின் அடியிலும் ஒரே சீரியல் எண், இவை மூன்றும் வேண்டும். பெட்டிக்குள் இருக்க வேண்டிய சார்ஜரையும் பட்டையையும் வெளியே எடுத்து, அவற்றையே தனி விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக, 'ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, கேமராவைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று அடையாள அட்டையின் படத்தோடு வரும் செய்தி. இது பழைய மோசடி, இன்னும் பலரை விழுங்கிக்கொண்டிருக்கிறது. முன்பணமாக ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அவர் அனுப்பும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டதென்றால் உடனே 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.