எண்பது எழுத்துச் சாட்சி

ஹப்பிள் தொலைநோக்கி 1995 ஏப்ரல் 1 அன்று எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். கழுகு நெபுலாவில் தூசியும் வாயுவும் தூண்களாக எழுந்து நிற்கும் காட்சி அது. ஹப்பிள் அதை வண்ணத்தில் எடுக்கவில்லை. மூன்று ஃபில்டர்கள் வழியாகத் தனித்தனியே எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறம் கொடுத்தது பிறகுதான்.

அந்த மூலக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நான், அவற்றை மாணவர்களிடம் கொடுத்து வண்ணப்படத்தை அவர்களையே உருவாக்கச் சொல்வேன். “மேடம், எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, எதுக்கு எந்தக் கலர் கொடுக்கறது?” என்று கேட்பார்கள். படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் விடை கிடைக்காது. அது கோப்பின் தொடக்கத்தில், ஹெடர் என்ற பகுதியில் எழுதப்பட்டிருக்கிறது.

வானியல் படங்கள் ‘ஃபிட்ஸ்’ என்ற கோப்பு வடிவில் சேமிக்கப்படுகின்றன. ஆய்வகங்கள் காந்த நாடாக்களில் படங்களைப் பரிமாறிக்கொள்வதற்காக 1970-களின் இறுதியில் பிறந்த வடிவம் இது. 1982-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் இதை ஏற்றது. ஹெடரில் ஒவ்வொரு வரிக்கும் சரியாக 80 எழுத்து. துளை அட்டைக் காலத்து அளவு அது. எந்தத் தொலைநோக்கி, எந்த ஃபில்டர், எத்தனை நொடி ஒளி வாங்கியது, எந்த நாள், எந்த நேரம், வானில் எந்தத் திசை என எல்லாம் வரிவரியாக இருக்கும். பழைய கோப்பு என்றும் செல்லாததாகிவிடக் கூடாது என்பது இதன் விதி. நீண்ட காலம் நிலைக்கும் என்ற நம்பிக்கையில்தான் வாடிகன் நூலகமும் தன் கையெழுத்துச் சுவடிகளை மின்வடிவில் சேமிக்க ஃபிட்ஸைத் தேர்ந்தெடுத்தது.

ஒரு கோப்பு என்றால் திறந்து பார்த்துவிடலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால்? அங்கேதான் டெர்மினலில் தட்டச்சு செய்து இயக்கும் சிறு கருவிகள் கைகொடுக்கின்றன. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தில் ஜெசிகா மிங்க் உருவாக்கிய ‘டபிள்யூசிஎஸ்டூல்ஸ்’ தொகுப்பை நான் பயன்படுத்துகிறேன். அதில் ‘இம்ஹெட்’ முழு ஹெடரையும் காட்டும். ‘கெட்ஹெட்’ கேட்டதை மட்டும் எடுத்துத் தரும்: கோப்புகளையும், ஃபில்டர், ஒளி வாங்கிய நேரம் என்ற சொற்களையும் கொடுத்தால், கோப்புக்கு ஒரு வரியாகப் பட்டியல் வந்துவிடும். 656 நானோமீட்டர் ஃபில்டர் ஹைட்ரஜனுக்கு, 502 ஆக்சிஜனுக்கு, 673 கந்தகத்துக்கு. பட்டியலைப் பார்த்து மாணவர்கள் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் கொடுக்கிறார்கள், தூண்கள் எழுகின்றன. பைத்தான் பழகியவர்களுக்கு ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் தொகுப்பின் ‘ஃபிட்ஸ்ஹெடர்’ இதே வேலையைச் செய்யும்.

‘செட்ஹெட்’ ஹெடரில் எழுதும் கருவி. பொருளின் பெயர் விடுபட்ட கோப்புகள் அனைத்திலும் ஒரே கட்டளையில் பெயரைச் சேர்த்துவிடலாம். அதே வேகத்தில் எல்லாவற்றிலும் தவறான தேதியையும் எழுதிவிடலாம். அதனால் மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் மட்டுமே திருத்துவது எங்கள் வகுப்பின் கட்டாய விதி. என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பதை ஹெடரிலேயே ‘ஹிஸ்டரி’ வரியாக எழுதிவைக்கவும் ஃபிட்ஸ் இடம் தருகிறது.

இந்தக் கண்டிப்பு தேவைதானா என்று சிலர் நினைக்கலாம். ஒரு சிறுகோள் நட்சத்திரப் பின்னணியில் நகர்வதாக வைத்துக்கொள்வோம். அதன் பாதையைக் கணக்கிடப் படத்தில் தெரியும் புள்ளி மட்டும் போதாது. அது எந்த நொடியில் அங்கே இருந்தது என்பதும் வேண்டும். நேரம் தொலைந்தால் அந்தப் படம் அழகாக இருக்கலாம், ஆனால் ஆதாரமாகாது.

வானத்தைப் படமெடுக்கும் இளைஞர்களை இன்று நிறையப் பார்க்கிறேன். அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஜேபெக்காக மாற்றிப் பகிருங்கள், ஆனால் மூல ஃபிட்ஸ் கோப்பை அழிக்காதீர்கள். பொருள், நேரம், ஃபில்டர், இடம் ஆகிய நான்கும் அதன் ஹெடரில் இருக்கின்றனவா என்று அன்றே சரிபாருங்கள். நாளை ஒரு ஆய்வாளருக்கு உங்கள் படம் தேவைப்பட்டால், அவர் முதலில் படிக்கப்போவது அந்த வரிகளைத்தான்.