குழந்தையின் சிறுநீரில் புரதம்: ஸ்டீராய்டை நீட்டினால் நோய் திரும்பாதா?

காலையில் எழும் குழந்தையின் கண்ணைச் சுற்றி வீக்கம். மாலைக்குள் வடிந்துவிடுகிறது. ‘அலர்ஜியா இருக்கும்’ என்று சொட்டு மருந்து வாங்குகிறோம். காலும் வயிறும் வீங்கிய பிறகுதான் சிறுநீரைப் பரிசோதிக்கிறோம். நெப்ரோடிக் சிண்ட்ரோம் பல வீடுகளுக்குள் வருவது இப்படித்தான்.

என்ன நடக்குது?

ரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் என்ற புரதம், சிறுநீரக வடிகட்டி வழியாகக் கசிந்து சிறுநீரில் போய்விடுகிறது. அதனால் உடலில் நீர் தேங்குகிறது.

மருந்து என்ன?

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. இந்தியக் குழந்தைகள் சிறுநீரகவியல் மருத்துவர்களின் 2021 வழிகாட்டுதல்படி, முதல் முறை 6 வாரம் தினமும், அடுத்த 6 வாரம் அளவைக் குறைத்து ஒருநாள் விட்டு ஒருநாள். 10 குழந்தைகளில் 8 பேருக்கு மேல் இது கேட்கும். ஆனால், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் திரும்பும்.

அப்போ இன்னும் கொஞ்ச நாள் கொடுக்கலாமே?

நியாயமான கேள்விதான். இந்தியாவில் 181 குழந்தைகளிடம் 3 மாத, 6 மாத சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வு 2015-ல் வெளியானது. பிரிட்டனில் 237 குழந்தைகளிடம் 8 வார, 16 வார சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வு 2019-ல் வந்தது. இரண்டிலுமே, நீட்டித்ததால் நோய் அடிக்கடி திரும்புவது குறையவில்லை. மாத்திரை கூடக்கூட முகம் உப்புவது, உயரம் தடைபடுவது, ரத்த அழுத்தம், கண்புரை போன்ற ஆபத்துகள்தான் கூடும்.

திரும்பினால் எப்படித் தெரியும்?

வீக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். டிப்ஸ்டிக் பட்டையால் காலைச் சிறுநீரை வீட்டிலேயே பார்த்து நோட்டில் குறிக்கலாம். தொடர்ந்து 3 நாள் 3+ அல்லது அதற்கு மேல் காட்டினால் நோய் திரும்பிவிட்டது. உடனே மருத்துவரிடம் பேசுங்கள். சிறுநீர் தெளியும்வரை தினமும், பிறகு 4 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்டீராய்டு தருவதே வழக்கம்.

அடிக்கடி திரும்பினால்?

ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் மருந்துகள் உள்ளன. குடற்புழு மருந்தாக வந்த லெவாமிசோல், மைக்கோபினோலேட், சைக்ளோபாஸ்பமைடு, டாக்ரோலிமஸ், ரிட்டுக்சிமாப். எது பொருந்தும் என்பதைக் குழந்தைகள் சிறுநீரக நிபுணர் முடிவுசெய்வார்.

வீக்கம் வடிந்ததும் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். பல வாரம் ஸ்டீராய்டு எடுத்த உடலில் இயற்கையான சுரப்பு மந்தமாகியிருக்கும். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தை நீங்களாக நீட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.