மரப்பட்டையில் தீட்டிய உரிமைப் பத்திரம்

ஆஸ்திரேலியா 1966 பிப்ரவரி 14 அன்று பவுண்டு, ஷில்லிங் கணக்கைக் கைவிட்டுத் தசம நாணயத்துக்கு மாறியது. அன்று வெளியான ஒரு டாலர் தாளின் ஒரு புறத்தை ஆதிகுடி ஓவியம் ஒன்று அணிசெய்தது. முன்பு எப்போதோ வாழ்ந்து மறைந்த, பெயர் அறியாத ஓவியர் ஒருவரின் படைப்பு அது என்றே அந்நாட்டு ரிசர்வ் வங்கி எண்ணியிருந்தது. ஓவியரோ உயிருடன் இருந்தார். நாட்டின் வடகோடியில், ஆர்னெம் நிலப்பகுதியில் வாழ்ந்த டேவிட் மலாங்கி என்பவரே அவர். உண்மை தெரிந்ததும் வங்கியின் ஆளுநர் கூம்ப்ஸ் அவருக்கு 1,000 டாலரும், ஒரு பதக்கமும், மீன்பிடிக் கருவிகளும் வழங்கினார்.

இதனைக் காப்புரிமை குறித்த ஒரு கவனக்குறைவு என்று மட்டும் நாம் கொள்ளலாகாது. அந்த ஓவியம் ஓர் இறுதிச்சடங்கைக் காட்டுவது. குர்மிரிங்கு என்னும் மூதாதை வேடன் வேட்டை முடிந்து மரத்தடியில் இருந்தபோது பாம்பு தீண்டி மாண்டான். அவனுக்கு நடந்த சடங்கே மலாங்கியின் குலத்தார் தம் இறந்தோருக்குச் செய்யும் சடங்கிற்கு முன்மாதிரி. அத்தகைய கோலம் கடைவீதியில் கைமாறும் தாளில் ஏறிவிட்டது!

ஆர்னெம் நிலத்தின் யோல்ஙு மக்களிடையே இக்கோலங்கள் முதலில் தீட்டப்பட்டவை மனித உடலில்தான். சிறுவருக்குச் சுன்னத்துச் சடங்கு நிகழும்போது மார்பிலும், ஒருவர் இறந்தால் சவப்பெட்டியிலும் அவரவர் குலக்கோலம் எழுதப்படும். மரப்பட்டையில் எழுதும்போதும் இலக்கணம் அதுவே. மழைக்காலத்தில் யூகலிப்டஸ் மரத்திலிருந்து உரித்த பட்டையைத் தீயில் வாட்டிப் பாரமேற்றித் தட்டையாக்குவர். காவி, மஞ்சட்காவி, வெண்களிமண், கரி ஆகியவையே வண்ணங்கள். தலைமுடியாலான மெல்லிய தூரிகையால் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நுண்கோடுகளை நிரப்பும்போது, மங்கலாயிருந்த பரப்பு மினுங்கத் தொடங்கும். வெளியார் அதனை அழகு என்பர். யோல்ஙு மக்களோ மூதாதையின் ஆற்றல் அங்கே வெளிப்படுவதாகக் கொள்வர்.

ஒரு கோலம் ஒரு குலத்துக்கும் அதன் நிலத்துக்கும் உரியது. விரும்பிய எவரும் அதை வரைந்துவிட முடியாது. தாய்வழி உறவினரின் மேற்பார்வையும் இசைவும் வேண்டும். வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்குப் புரியும்படி சொன்னால், அது நிலப்பத்திரம் போன்றது. இது வெறும் உவமையன்று. 1963-இல் யிர்காலாப் பகுதியில் பாக்சைட் சுரங்கம் வரவிருந்தபோது, யோல்ஙு மக்கள் தம் மனுவைக் கோலங்கள் தீட்டிய மரப்பட்டையில் ஒட்டியே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர்.

ஆனால் நாட்டின் சட்டம் இந்த உரிமையை எளிதில் காணவில்லை. 1988-இல் வெளியான பத்து டாலர் பிளாஸ்டிக் தாளில், இறந்தோரை நினைவுகூரும் விடிவெள்ளிக் கம்பம் ஒன்று இடம்பெற்றது. அதனைச் செய்த டெரி யும்புலுல் வழக்குத் தொடுத்தார், 1991-இல் தோற்றார். அவர் கையெழுத்திட்ட உரிமம் செல்லும் என்றது நீதிமன்றம். ஆயினும் ஒரு சமூகம் முழுவதற்கும் உரிய படைப்பைக் காக்கக் காப்புரிமைச் சட்டம் போதுமானதாக இல்லாதிருக்கலாம் என்பதையும் நீதிபதி குறிப்பிட்டார்.

அப்படியாயின், இத்தகைய ஓவியங்களை விலைகொடுத்து வாங்கிய ஒருவர் எதற்கு உரிமையாளர்? பட்டைக்கு மட்டுமே என்பது எங்கள் கருத்து. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலுள்ள க்ளூகி-ரூஹி தொகுப்பு இக்கேள்வியை நேராக எதிர்கொள்வது. ஆங்கிலப் பேராசிரியரான எட்வர்ட் ரூஹி ஆர்வத்தால் சேர்த்தவற்றைத் தொழிலதிபர் ஜான் க்ளூகி வாங்கினார். தாம் சேர்த்தவற்றையும் கூட்டி 1997-இல் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார்.

சாவியும் காப்பீடும் பல்கலைக்கழகத்திடம் இருக்கின்றன. எதைக் காட்டலாம், எதைச் சொல்லலாம் என்று கூறத் தகுதியுடையோர் பெருங்கடல்களுக்கு அப்பால் இருக்கின்றனர். ஒவ்வொரு கோலத்துக்கும் எல்லோரும் கேட்கத்தக்க புறப்பொருளும், உரியவர் மட்டுமே அறியத்தக்க அகப்பொருளும் உண்டு. அருங்காட்சியகக் குறிப்பட்டையில் முதலாவது மட்டுமே இடம்பெறலாம்.

யிர்காலாவின் எண்பது ஆண்டுக்கால மரப்பட்டை ஓவியங்களைக் கொண்ட ‘மடயின்’ கண்காட்சியை இத்தொகுப்பு 2022-இல் அமெரிக்காவில் தொடங்கியபோது, ஓவியங்களைத் தேர்ந்தவர்களும் விளக்கியவர்களும் யோல்ஙு மக்களே. கண்காட்சி நூலும் அவர்கள் மொழியிலும் ஆங்கிலத்திலுமாக வெளிவந்தது.