சொல்லாமல் போன "லொள்ளு சபா"! ஒரே டி.வி. முன்னால் தெருவே சிரித்த காலம்

புதுக்கோட்டை:-

சினிமா முடிந்தால் திரையில் "வணக்கம்" போடுவார்கள். நாடகம் முடிந்தால் மங்களம் பாடுவார்கள். டி.வி.யில் வரும் சிரிப்பு நிகழ்ச்சிக்கு மட்டும் இந்த மரியாதை கிடையாது. ஒரு வாரம் வரும். அடுத்த வாரம் அதே நேரத்தில் வேறு என்னவோ ஓடும். அவ்வளவுதான்!

"லொள்ளு சபா"வும் அப்படித்தான் போனது.

விஜய் டி.வி.யில் 2004-ம் ஆண்டு வாக்கில் சக்கைப் போடு போட்ட நிகழ்ச்சி அது. டைரக்டர் ராம்பாலா. எல்லோரும் பார்த்த தமிழ்ப்படம் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அதே கதை, அதே காட்சி. கதாநாயகன் நெஞ்சை நிமிர்த்தி வீர வசனம் பேசுவார். பக்கத்தில் நிற்கிறவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்பார். கதாநாயகன் மானம் கப்பல் ஏறிவிடும்! செலவில்லாத செட், சிக்கனமான வேஷம். அந்தச் சிக்கனத்தையும் அவர்களே கிண்டல் அடித்துக்கொள்வார்கள்.

சுவாமிநாதன் வாங்கிக் கட்டிக்கொள்வதும், மனோகர் கையைக் காலை ஆட்டி இழுத்து இழுத்துப் பேசுவதும், சேஷு அப்பாவி போல முகத்தை வைத்துக்கொள்வதும் அப்போது பள்ளிக்கூடப் பையன்களுக்கு மனப்பாடம். ஜீவா வந்தால் ரஜினி வந்த மாதிரி. சந்தானத்தை 2004-ல் "மன்மதன்" படத்துக்கு சிம்பு அழைத்துப் போனார். கும்பலில் ஒருவராக நின்ற யோகி பாபு பின்னாளில் கதாநாயகனாகவே நடித்தார். அன்று யார் கண்டது?

அந்தப் பையன்கள் இன்று கீழ ராஜ வீதியில் கடை நடத்துகிற வயதுக்காரர்கள். ஆபீசில் பைல் பார்க்கிற வயதுக்காரர்கள்.

பபூன் பழக்கிய ஊர்

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்த லொள்ளு புதிது அல்ல. பி.யு.சின்னப்பா பிறந்த மண் இது. கோவில் திருவிழாவில் "வள்ளி திருமணம்" போட்டால் விடிய விடியக் கண் விழிப்பார்கள்.

வள்ளி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே பபூன் மேடைக்கு வந்துவிடுவார். எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டை எடுத்து, வார்த்தையைத் திருப்பிப் போட்டுப் பாடுவார். ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுப்பார். மிருதங்கக்காரர் ஒரு தட்டு தட்டுவார். பாயோடு வந்து உட்கார்ந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முருகன் வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிடும். பபூன் போகிற வரைக்கும் ஒன்றுகூடத் தூங்காது!

இரண்டுக்கும் சூட்சுமம் ஒன்றே. அசல் எது என்று கூட்டத்துக்கு முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். அசல் தெரியாதவனுக்கு நகல் எப்படிச் சிரிப்பு மூட்டும்?

வீட்டுக்கு ஒரு பெட்டி

அந்த நாளில் தெருவுக்கு இரண்டு மூன்று வீட்டில்தான் கேபிள் இருந்தது. "லொள்ளு சபா" நேரத்துக்கு அங்கே செருப்புகள் வாசல் தாண்டிக் கிடக்கும். சின்னப் பசங்க தரையில். பெரியவர்கள் நாற்காலியில். கரண்ட் போனால் கூட்டம் கலையாது. பார்த்த வரைக்கும் நடித்துக் காட்ட ஒரு வாண்டு எப்படியும் இருக்கும்.

2006 செப்டம்பரில் கருணாநிதி அரசின் இலவசக் கலர் டி.வி. திட்டம் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி குடிசைக்கும் வந்தது. நல்ல காரியம். அடுத்த வீட்டு வாசலில் தயங்கி நின்ற பிள்ளைக்கு அது பெரிய விடுதலை. அதைக் குறை சொல்லக்கூடாது. ஆனாலும் வாசலில் கிடந்த செருப்புகள் குறைந்துபோயின.

கிண்டலுக்கும் காலம் மாறியது. 2007-ல் "போக்கிரி"யைக் கேலி செய்தபோது விஜய் ரசிகர்கள் கொதித்தார்கள். அதன் பிறகு நிகழ்ச்சி நீண்ட காலம் நீடிக்கவில்லை. பாணி மட்டும் சினிமாவுக்குப் போனது. 2010-ல் "தமிழ்ப்படம்" வந்து கதாநாயகர்களை எல்லாம் ஒட்டுமொத்தமாகக் கேலி செய்தது. தியேட்டரில் கூட்டமும் சிரித்தது.

"ஏன் சார், இப்போ அது மாதிரி ஒண்ணு வரலே?" என்று கேட்டால் ஆளைக் குறை சொல்வது சுலபம். நடிகர்களுக்குப் பஞ்சம் இல்லை. எல்லோரும் ஒன்றாகப் பார்த்த படத்துக்குத்தான் பஞ்சம். அப்பா ஒன்று பார்க்கிறார், மகன் வேறொன்று பார்க்கிறான், மருமகள் இன்னொன்று. யாரை எதை வைத்துக் கேலி செய்வது?

சேஷு போனார்

2024 பிப்ரவரியில் சந்தானத்தின் "வடக்குப்பட்டி ராமசாமி" வெளிவந்தது. அதில் சேஷு வந்த இடத்தில் தியேட்டர் குலுங்கியது. அதே ஆண்டு மார்ச் 26-ந்தேதி அவர் காலமானார்.

அன்றுதான் பலருக்கு உறைத்தது. "லொள்ளு சபா"வுக்கு நாம் விடை கொடுக்கவே இல்லையே!

அன்று ராத்திரி போனுக்குப் போன் பழைய துண்டுகள் பறந்தன. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். முழுசாகப் பார்க்க யாருக்கு நேரம்? இறந்தவருக்காக அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது. காமெடி நடிகருக்கு அதைவிட வேறென்ன மாலை போட முடியும்?

இப்போதும் பஸ்சில் பார்க்கலாம். அறந்தாங்கி பஸ்சில் ஜன்னலோரம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஒருவர் தானாகச் சிரிப்பார். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி திரும்பிப் பார்ப்பார். போனில் ஓடுவது மனோகர் என்று தெரிந்துவிட்டால் போச்சு. "அண்ணே, ஒரு ஒயரை இங்கே கொடுங்க" என்பார்!