எந்த ஊர் கெய்க்வாட்?

புனேயில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. இடது பக்கம் வீட்டு எண், அதற்கு நேரே குடும்பப் பெயர். ஜோஷி மூன்று, குல்கர்ணி இரண்டு, கெய்க்வாட் நான்கு. கூரியர் பையன் பார்சலைக் கையில் ஏந்திக்கொண்டு “கெய்க்வாட்!” என்று குரல் கொடுத்தால், வாட்ச்மேன் காகா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்: “கோண்தே காய்க்வாட்?” எந்த கெய்க்வாட்?

பையன் அடுத்து சொந்தப் பெயரைச் சொல்லவேண்டும். அதுவும் இரண்டு பேருக்கு ஒன்றாக இருந்துவிட்டால் நடுவில் வரும் அப்பா பெயர். மராட்டியர்களுக்குப் பெயர் என்பது மூன்று அடுக்கு: தன் பெயர், தந்தை பெயர், ‘ஆட்நாவ்’ எனும் குடும்பப் பெயர். எந்தப் படிவத்திலும் இந்த மூன்றையும் கேட்பார்கள். இனிஷியலோடு போன எனக்கு ஆட்நாவ் இல்லை என்றதும் குழம்பிப்போய், அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். புனே பக்கமே வந்திராத என் அப்பாவின் பெயர்தான் கடைசியில் அந்தப் பலகையில் ஏறியது.

சென்னையில் இந்தத் தொல்லையே கிடையாது. அங்கே கெய்க்வாட் என்றால் ஒரே ஆள்தான். மஞ்சள் சட்டை, முதுகில் 31, சேப்பாக்கத்தில் விசில். ஆனால் ருதுராஜ் சென்னைக்கு வந்த முதல் கெய்க்வாட் இல்லை. அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே ஒருவர் வந்துவிட்டார். வந்தவர் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் சேர்த்தே வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். அதனால்தான் யாருக்கும் நினைவில்லை.

வாசலில் விட்ட பெயர்

பெங்களூரில் 1950 டிசம்பர் 12 அன்று பிறந்த சிவாஜி ராவ் கெய்க்வாட், பஸ் கண்டக்டராக இருந்து, மெட்ராஸ் வந்து நடிப்புப் பயிற்சி பெற்ற கதையை நமக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. ‘அபூர்வ ராகங்கள்’ படத்துக்காக கே. பாலசந்தர் அவரைத் தேர்ந்தெடுத்தபோது எழுந்த முதல் சிக்கல் பெயர்தான். தமிழ்த் திரையில் ஏற்கெனவே ஒரு சிவாஜி இருந்தார். அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார முடியாது. பாலசந்தர் தன்னுடைய பழைய படைப்பான ‘மேஜர் சந்திரகாந்த்’திலிருந்து ஒரு பாத்திரத்தின் பெயரை எடுத்துக் கொடுத்தார். 1975-ல் அந்தப் படம் வந்தபோது சிவாஜி ராவ், ரஜினிகாந்த் ஆகியிருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விட்டுக்கொடுத்தவர் மராட்டியர். அவருக்கு சிவாஜி என்பது பிறப்பில் வைத்த பெயர். யாருக்காக விட்டுக்கொடுத்தாரோ அவர் தமிழர். அவருக்கு அது மேடையில் கிடைத்த பெயர்.

விழுப்புரம் சின்னையா கணேசனுக்கு அந்தப் பெயர் வந்தது 1940-களின் நடுவில். அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் அவர் சத்ரபதியாக நடித்தார். அண்ணாவே காகபட்டராக மேடையேறினார். நாடகத்தைப் பார்த்த பெரியார், அந்த இளைஞரை ‘சிவாஜி’ என்று அழைக்க, வி.சி. கணேசன் சிவாஜி கணேசன் ஆனார். குடும்பத்துக்குச் சொந்த ஊர் தஞ்சைக்கு அருகே சூரக்கோட்டை. அந்தத் தஞ்சையைத்தான் சத்ரபதியின் மாற்றாந்தாய்த் தம்பி ஏகோஜி 1670-களில் பிடித்தார். அந்த வம்சத்தின் கடைசி மன்னர் பெயரும் சிவாஜி. அவர் 1855-ல் இறந்தார். சத்ரபதி 1630-ல் பிறந்த சிவநேரிக் கோட்டை புனே மாவட்டத்தில், ஜுன்னர் பக்கம் இருக்கிறது. வளர்ந்தது புனே நகரத்து லால் மகாலில். பெயர் அங்கிருந்து கிளம்பி, தஞ்சையில் தங்கி, விழுப்புரத்தில் பிறந்தவர் தலையில் ஏறி, மராட்டிய இளைஞர் ஒருவர் வந்து கதவைத் தட்டியபோது “ஆள் இருக்கிறது” என்று சொல்லியிருக்கிறது.

32 ஆண்டுகள் கழித்து, 2007-ல், ஷங்கரின் படத்தில் அந்தப் பெயர் ரஜினிக்குத் திரும்பி வந்தது. படத்தின் தலைப்பே ‘சிவாஜி’. தயாரிப்பு ஏ.வி.எம். முதல் சிவாஜியை ‘பராசக்தி’யில் உலகுக்குக் காட்டியதில் பங்குள்ள அதே நிறுவனம். ஆனால் கதையைக் கவனியுங்கள். செத்துவிட்டதாக நம்பப்படும் சிவாஜி, பிற்பாதியில் எம்.ஜி. ரவிச்சந்திரன் என்ற வேறு பெயரோடுதான் திரும்பி வருகிறான். கிடைத்த பெயரைக் கடைசிவரை வைத்துக்கொள்ளத் திரைக்கதையும் அவரை விடவில்லை.

மஞ்சள் சட்டைக்காரர்

ருதுராஜ் தசரத் கெய்க்வாட் பிறந்தது 1997 ஜனவரி 31. புனேக்காரர். ஆட்டம் கற்றது பிம்ப்ரி-சிஞ்ச்வடில், தேர்காவ் பகுதியில் இருக்கும் வெங்சர்க்கார் அகாடமியில். ருதுராஜ் என்றால் பருவங்களின் அரசன், அதாவது வசந்தம். நம் பத்திரிகைகள் ‘கெய்க்வாட்’ என்று எழுதினாலும் அவர் ஊரில் ‘காய்க்வாட்’ என்றுதான் உச்சரிப்பார்கள். முதல் எழுத்துகளில் ஒளிந்திருப்பது ‘காய்’, மராத்தியில் பசு. பசுக்களைக் காப்பாற்ற ஒரு முன்னோர் கதவைத் திறந்துவிட்டார், பசுவும் கதவும் சேர்ந்து இந்தப் பெயர் ஆனது என்று ஒரு கதை சொல்வார்கள்.

அவரைச் சென்னை அணி 20 லட்ச ரூபாய் அடிப்படை விலைக்குத்தான் எடுத்தது. 2021-ல் 635 ரன் அடித்து ஆரஞ்சு தொப்பி வாங்கினார். 2022 நவம்பரில் விஜய் ஹசாரே கோப்பைக் காலிறுதியில் ஒரே ஓவரில் ஏழு சிக்ஸர் அடித்தார். நோ-பால் ஒன்று இருந்ததால் ஓவருக்கு ஏழு பந்து. ஏழும் எல்லைக்கு அப்பால் போய் விழுந்தன. 2024-ல் தோனியிடமிருந்து தலைமையை வாங்கிக்கொண்டார்.

சேப்பாக்கத்துக்கு வந்த கெய்க்வாட்களில்கூட இவர் முதலாமவர் இல்லை. 1999 ஜனவரியில் இந்தியா பாகிஸ்தானிடம் 12 ரன் வித்தியாசத்தில் தோற்றது, ரசிகர்கள் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டினார்கள், நினைவிருக்கிறதா? அன்று இந்திய அணியின் பயிற்சியாளர் அன்ஷுமன் கெய்க்வாட். வேகப்பந்துக்கு அசராமல் மணிக்கணக்கில் நின்றவர். அவர் அப்பா தத்தா கெய்க்வாட் 1959-ல் இங்கிலாந்தில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். இருவரும் பரோடாக்காரர்கள். பரோடாவை ஆண்ட அரச குடும்பமும் கெய்க்வாட்தான். அந்த அரச குடும்பத்தின் வேர் புனே மாவட்டத்துத் தாவ்டி கிராமத்தில் இருக்கிறது. அரசர், போலீஸ்காரர் மகனான நடிகர், கிரிக்கெட் வீரர் என்று யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் இருக்கலாம். அந்தப் பெயர் உறவைக் காட்டாது. ரஜினிக்கும் ருதுராஜுக்கும் உறவு தேடிப் புறப்படுபவர்கள் சற்று நில்லுங்கள்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின் சூட்டில் சேப்பாக்கத்தில் ஆட முடியாமல் போனபோது, சென்னை அணி தன் சொந்த மைதானமாக எடுத்துக்கொண்டது புனேக்கு வெளியே கஹுஞ்சேயில் இருக்கும் அரங்கத்தை. ரசிகர்களுக்கென்றே ‘விசில்போடு எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு சிறப்பு ரயில் விட்டார்கள். ஏப்ரல் 20 ஆட்டத்தில் வாட்சன் 106 அடித்தார். புனேயின் கெய்க்வாட் மஞ்சள் உடுத்துவதற்கு முன்பே மஞ்சள் படை அவர் ஊருக்குப் போய்விட்டது.

டெண்டுல்கர் என்றால் யார்?

இந்தக் கேள்விக்கு இந்தியா முழுக்க ஒரே பதில்தான் வரும். புனேயில் பழைய நாடக ரசிகர் ஒருவரிடம் கேட்டால் மட்டும் கொஞ்சம் தாமதித்து, “விஜயா, சச்சினா?” என்று திருப்பிக் கேட்பார்.

விஜய் டெண்டுல்கரின் ‘காஷிராம் கோத்வால்’ முதன்முதலில் மேடையேறியது 1972 டிசம்பர் 16, புனேயில். ஜப்பார் படேல் இயக்கம், பாஸ்கர் சந்தாவர்க்கர் இசை, நானா பட்னவீஸாக மோகன் ஆகாஷே. பேஷ்வாக்களின் தலைநகரிலேயே பேஷ்வா காலத்து அமைச்சரைப் பெண்பித்தராகக் காட்டினால் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு கிளம்பியது. நாடகம் நின்றது. நடித்தவர்கள் பிரிந்துபோய் ‘தியேட்டர் அகாடமி’ என்ற புதுக் குழுவைத் தொடங்கி, அதே நாடகத்தை வெளிநாடுகள்வரை கொண்டுபோனார்கள். நாடகம் ஊரைக் கலக்கிய நாளில் சச்சின் பிறக்கவே இல்லை. அவர் பிறந்தது நான்கு மாதம் கழித்து, 1973 ஏப்ரலில். அதுவரை மராத்தி வாசகர்களுக்கு டெண்டுல்கர் என்றால் எழுதுகிறவர்தான். சச்சினின் அப்பா ரமேஷ் டெண்டுல்கரும் மராத்திப் பேராசிரியர், எழுத்தாளர்.

மராத்தியில் ‘கர்’ என்று முடிந்தால் பெரும்பாலும் அது ஊர்ப் பெயர். கோவாவின் மங்கேஷியிலிருந்து மங்கேஷ்கர் வந்ததுபோல, கொங்கண் பக்கத்துத் தேந்தோலியிலிருந்து வந்தது டெண்டுல்கர். நாம் பெயருக்கு முன்னால் சூரக்கோட்டை, மதுரை, சீர்காழி என்று போடுவதை அவர்கள் பின்னால் போடுகிறார்கள்.

விஜய் டெண்டுல்கர் 2008 மே 19 அன்று புனேயிலேயே காலமானார். அவருடைய தம்பி மங்கேஷ் டெண்டுல்கர் கேலிச்சித்திரக்காரர், அவரும் புனேவாசி. தீபாவளி வந்தால், கர்வே சாலையில் எப்போதும் நெரியும் நள் ஸ்டாப் சந்திப்பில் போய் நிற்பார். சிக்னலில் நிற்கும் ஸ்கூட்டர்காரர்களுக்குத் தானே வரைந்த வாழ்த்து அட்டையை நீட்டுவார். அட்டையில் வாழ்த்தோடு சாலை விதியும் கேலியும் இருக்கும். ஒரே குடும்பப் பெயரில் ஒருவருக்கு உலகமே அரங்கம், ஒருவருக்கு நாடக மேடை, ஒருவருக்கு சிவப்பு விளக்கு எரியும் சில நொடிகள். மங்கேஷ் 2017-ல் மறைந்தார்.

சச்சின்கள்

குடும்பப் பெயர் பிறப்பில் வருவது. முதல் பெயர் ஆசையில் வருவது. ரமேஷ் டெண்டுல்கருக்கு இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மன்மீது ஆசை. எஸ்.டி. என்றால் சச்சின் தேவ். திரிபுரா அரச குடும்பத்து இசைக்காரரின் பெயர் இப்படித்தான் கிரிக்கெட் மட்டைக்கு வந்தது.

இந்தி, மராத்திப் படங்களில் பல காலம் ‘சச்சின்’ என்ற ஒற்றைப் பெயர் நடிகர் சச்சின் பில்காவ்கரைத்தான் குறித்தது. 1960-களின் தொடக்கத்தில் குழந்தை நட்சத்திரமாக வந்தவர். பிறகு வந்த நடிகர் சச்சின் கேடேகரை நாம் ‘தெய்வத்திருமகள்’, ‘மாற்றான்’ படங்களில் பார்த்திருக்கிறோம். 2005 ஏப்ரல் 14 அன்று விஜய் நடித்த ‘சச்சின்’ வெளியானது. அதே நாளில் வெளியான இன்னொரு படம் ரஜினியின் ‘சந்திரமுகி’. பெயரை விட்டுக்கொடுத்தவரும் பெயரைக் கடன்வாங்கிய படமும் ஒரே நாளில் தியேட்டரில் மோதினார்கள்.

எனக்குப் பிடித்த சச்சின் வேறொருவர். சச்சின் சர்ஜேராவ் கிலாரி, சாங்லி மாவட்டத்துக்காரர், புனேயில் பொறியியல் படித்தவர். பள்ளி நாளில் விபத்தில் இடது கை பாதிக்கப்பட்டது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் குண்டை 16.32 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார். கிரிக்கெட் சச்சினைப் பார்த்துத்தான் அவருக்குப் பெயர் வைத்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவர் பிறந்தது 1989 அக்டோபர் 23. டெண்டுல்கர் கராச்சியில் முதல் டெஸ்டில் இறங்கியது நவம்பர் 15.

பெயர் வைக்கும் ஆசை சில நேரம் தவறிப் போவதும் உண்டு. கவாஸ்கர் தன் மகனுக்கு மேற்கிந்தியத் தீவுகளின் ரோஹன் கன்ஹாய் நினைவாக ரோஹன் என்று வைத்தார். மங்களூர் பக்கம் ஒரு கவாஸ்கர் ரசிகர், தன் மகனுக்கும் அதே பெயரை வைக்க நினைத்தார். கவாஸ்கரின் மகன் பெயர் ராகுல் என்று தவறாக ஞாபகம் வைத்திருந்தார். அந்தப் பிள்ளைதான் கே.எல். ராகுல்.

வாட்ச்மேன் காகாவின் கேள்வி

ஊரைக் காலி செய்வதற்கு முந்தின வாரம், வாட்ச்மேன் காகாவிடம் ரஜினிகாந்தும் ஒரு கெய்க்வாட்தான் என்றேன். எங்கள் ஊர் சூப்பர் ஸ்டார் பற்றி அவருக்கு ஒரு ஆச்சரியத்தைக் கொடுக்கும் நினைப்பு எனக்கு. அவர் ஆச்சரியப்படவே இல்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: “எந்த ஊர் கெய்க்வாட்?”

தெரிந்ததைச் சொன்னேன். கிருஷ்ணகிரி மாவட்டம் நாச்சிக்குப்பம், அதற்கும் முன்னால் பூர்வீகம் ஜெஜூரி அருகே மாவடி கடேபடார் என்று சொல்வார்கள் என்றேன்.

“அப்போ புரந்தர் தாலுகா” என்று தலையை ஆட்டிக்கொண்டார். கோடிக்கணக்கான பேருக்குத் தலைவராக இருப்பவரை, அந்தப் பலகையில் இல்லாத ஐந்தாவது கெய்க்வாட்டாக, அவருக்குரிய தாலுகாவில் சரியாக உட்காரவைத்துவிட்டு, காகா மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.