ஒரே தலைக்குள் இரண்டு வெவ்வேறு கட்டிகள்

ஒருவருக்குப் பல வாரங்களாகத் தலைவலி. எம்ஆர்ஐ படம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒன்றல்ல, இரண்டு கட்டிகள் தெரிகின்றன. ஒன்று மூளைக்கு உள்ளே இருக்கிறது. மற்றொன்று மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டி நிற்கிறது. இரண்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் தெரியவில்லை.

இப்படி ஒரு படத்தைப் பார்க்கும் மருத்துவருக்கு முதலில் எழும் ஐயம், வேறோர் உறுப்பின் புற்றுநோய் மூளைக்குப் பரவியிருக்குமோ என்பதுதான். நுரையீரல், மார்பகம் போன்ற உறுப்புகளின் புற்றுநோய் அப்படிப் பரவுவது உண்டு. அவை இரண்டாம் நிலைக் கட்டிகள். மூளையிலோ அதன் உறையிலோ நேரடியாகத் தோன்றுபவை முதல்நிலைக் கட்டிகள். மிக அரிதாக, ஒரே நோயாளிக்கு இரு வேறு வகை முதல்நிலைக் கட்டிகள் ஒரே காலத்தில் இருப்பதுண்டு. இதைச் சரியாகக் கண்டறியாவிட்டால் சிகிச்சையே திசை மாறிவிடும்.

பல வகை உயிரணுக்கள், பல வகைக் கட்டிகள்

மூளை என்றதும் நமக்கு நரம்பணுக்கள்தாம் நினைவுக்கு வரும். அவற்றைத் தாங்கிப் பராமரிக்கும் கிளையா உயிரணுக்களும் அங்கே உள்ளன. இவற்றிலிருந்து தோன்றுவது கிளையோமா. அதில் மிகவும் கொடியது கிளையோபிளாஸ்டோமா. இது வேகமாக வளர்ந்து, சுற்றியுள்ள மூளைக்குள் வேர்விட்டதுபோல் ஊடுருவும்.

மூளையைப் போர்த்தியிருக்கும் உறையிலிருந்து தோன்றுவது மெனிஞ்சியோமா. 1922ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். இது பெரும்பாலும் மெதுவாக வளரும். பெரும்பாலும் புற்றுநோயும் அன்று. ஒரே நோயாளியிடம் சேர்ந்து காணப்படும் இணைகளில், மெனிஞ்சியோமாவும் கிளையோமாவும் சேர்ந்த இணை மருத்துவ ஏடுகளில் அடிக்கடி பதிவாகியுள்ளது.

ஏன் இரண்டும் சேர்ந்து வருகின்றன?

முதல் காரணம் தற்செயல். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில், நோய் அறிகுறி எதுவும் இல்லாத 2,000 பேருக்கு எம்ஆர்ஐ படம் எடுத்தார்கள். எல்லாரும் 45 வயதைக் கடந்தவர்கள். 2007இல் வெளியான முடிவுகளின்படி, அவர்களில் 18 பேருக்கு மெனிஞ்சியோமா இருந்தது. அதாவது 0.9 விழுக்காடு. அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது!

இப்போது உங்கள் நிகழ்தகவுப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். இரு கட்டிகளுக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அதே வயதுடைய 1,000 கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளில் ஏறத்தாழ 9 பேருக்கு மெனிஞ்சியோமாவும் இருக்கத்தான் செய்யும். படம் எடுக்கும்போது அது வெளிப்படுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் மரபணு. 22ஆம் குரோமோசோமில் என்எஃப்2 என்றொரு மரபணு உண்டு. அது உருவாக்கும் மெர்லின் என்ற புரதம், உயிரணுக்கள் நெருக்கமாகக் கூடிவிட்டால் பெருகுவதை நிறுத்தச் சொல்லும். நம் ஒவ்வோர் உயிரணுவிலும் இந்த மரபணுவின் இரு பிரதிகள் உள்ளன. ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். இரண்டும் பழுதானால்தான் கட்டி தோன்றும். 1971இல் ஆல்ஃபிரட் நட்சன் கண் புற்றுநோயை ஆராய்ந்து முன்வைத்த ‘இரு அடி’ கொள்கை இதுதான்.

சிலருக்குப் பிறவியிலேயே ஒரு பிரதி பழுதாக இருக்கும். அவர்களுக்கு இன்னும் ஓர் அடி போதும். அதனால்தான் செவி நரம்பில் ஒரு கட்டி, மூளையுறையில் ஒரு கட்டி, முதுகுத்தண்டில் ஒரு கட்டி என்று பல வகைக் கட்டிகள் அவர்களுக்கு வருகின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இந்தக் குறை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கு 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆகவே, இளவயதினர் ஒருவருக்கு இரு வகைக் கட்டிகள் இருந்தால், மரபணுச் சோதனை அவருடைய தம்பி தங்கைகளுக்கும் உதவக்கூடும்.

மூன்றாவது காரணம் கதிர்வீச்சு. 1948 முதல் 1960 வரை இஸ்ரேலில் தலையில் படர்தாமரை வந்த சிறுவர்களுக்கு எக்ஸ்ரே கதிர்களால் சிகிச்சை அளித்தார்கள். அதைக் குணப்படுத்தும் நல்ல மாத்திரை அப்போது இல்லை. அவர்களில் 10,800க்கும் அதிகமானோரை ஆய்வாளர்கள் பல்லாண்டு பின்தொடர்ந்தார்கள். மெனிஞ்சியோமா வரும் வாய்ப்பு 9 மடங்குக்கு மேலும், கிளையோமா வரும் வாய்ப்பு 2 மடங்குக்கு மேலும் உயர்ந்திருந்தது 1988இல் வெளியானது. நல்லெண்ணத்தோடு செய்த சிகிச்சையே பின்னாளில் இரு வகைக் கட்டிகளுக்கும் வழிவிட்டது. எம்ஆர்ஐ கருவியில் இத்தகைய கதிர்கள் இல்லை. காந்தப் புலமும் வானொலி அலைகளுமே பயன்படுகின்றன.

எதை முதலில் கவனிப்பது?

படத்தில் மெனிஞ்சியோமா பெரும்பாலும் உறையை ஒட்டி, சீரான வெண்மையாகத் தெரியும். கிளையோபிளாஸ்டோமா நடுவில் இருண்டு, ஓரத்தில் வளையம்போல் ஒளிரும். ஆனால் பரவிவந்த புற்றுநோயும் வளையமாகத் தெரியலாம். எனவே சிறு திசுத்துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகே உறுதி சொல்ல முடியும். ஒரு கட்டியிலிருந்து மட்டும் திசு எடுத்துவிட்டு, மற்றதும் அதே வகைதான் என்று முடிவுசெய்வது ஆபத்து.

வகை தெரிந்தால் வரிசையும் தெளிவாகும். கிளையோபிளாஸ்டோமா காத்திருக்காது. முடிந்தவரை அதை அகற்றி, கதிர்வீச்சும் மருந்தும் உடனே தொடங்க வேண்டும். சிறிய மெனிஞ்சியோமாவையோ சில மாதங்களுக்கு ஒருமுறை படம் எடுத்துக் கண்காணித்தாலே போதும். ஆனால் அது மூளையை அழுத்தினால் அதற்கும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

எளிய விளக்கத்தை முதலில் தேடு என்பது அறிவியலின் பழைய பாடம். இரு கட்டிகளுக்கும் ஒரே காரணத்தைத் தேடுவது அந்தப் பாடத்தின்படி சரியே. ஆயினும் சான்று வேறு சொன்னால், எளிய விளக்கத்தைக் கைவிடவும் மருத்துவர் தயாராக இருக்க வேண்டும். ஒரு நோயாளியின் ஆயுளே அதைப் பொறுத்திருக்கலாம்.